கொடியும் குழந்தைகளும்: நீதியரசர் இராபர்ட் ஜாக்சன்

காலை வழிபாட்டுக் கூட்டத்திற்கான மணி ஒலிக்கிறது. மாணவர்கள் வகுப்பு வாரியாக வரிசையில் நிற்கின்றனர். ஒரு மாணவி மேடையேறி உறுதிமொழியைச் சொல்ல, மற்றவர்கள் வலக்கையை முன்னே நீட்டி அதைத் திருப்பிச் சொல்கின்றனர். தில்லியில் படித்தாலும், போபாலில் படித்தாலும், புவனேசுவரத்தில் படித்தாலும் இக்காட்சி பெரிதும் மாறுவதில்லை. மொழி மட்டுமே இடத்திற்கேற்ப மாறுகிறது. இந்திய மாணவர்கள் சொல்லும் இந்த உறுதிமொழியை 1962-ஆம் ஆண்டில் தெலுங்கு மொழியில் எழுதியவர் பைடிமர்ரி வெங்கட சுப்பாராவ் என்னும் அரசு அலுவலர். அப்போது அவர் விசாகப்பட்டினத்தில் கருவூல அதிகாரியாகப் பணியாற்றிக்கொண்டிருந்தார்.

நாள்தோறும் சொல்லிப் பழகிய ஒன்றைப் பற்றிக் கேள்வி எழுவது அரிது. ஆயினும் ஒரு கேள்வி அங்கே மறைந்து நிற்கிறது. வரிசையில் நிற்கும் ஒரு குழந்தை, எவருக்கும் இடையூறு செய்யாமல், தன் மனச்சான்று இடம் தரவில்லை என்று கூறி வாய் திறவாதிருந்தால் என்ன செய்வது? வற்புறுத்திச் சொல்ல வைப்பதா? பள்ளியை விட்டு நீக்குவதா? அப்படியே விட்டுவிடுவதா? இது வெறும் கற்பனைக் கேள்வி அன்று. இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்த காலத்தில் இக்கேள்வி அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. அதற்கு விடை எழுதும் பொறுப்பு, சட்டப் பட்டம் பெறாத ஒரு நீதிபதியிடம் ஒப்படைக்கப்பட்டது. அவரே இராபர்ட் ஜாக்சன்.

இளமையும் கல்வியும்

இராபர்ட் ஜாக்சன் 1892-ஆம் ஆண்டு பிப்ரவரி 13-ஆம் நாள், பென்சில்வேனியா மாநிலத்தின் ஸ்பிரிங் கிரீக் என்னும் சிற்றூரில், ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தார். அவர் சிறுவராக இருந்தபோதே அக்குடும்பம் நியூயார்க் மாநிலத்திலுள்ள பிரூஸ்பர்க் என்னும் ஊருக்குக் குடிபெயர்ந்தது. வயலும் குதிரைகளும் சிறிய ஊர்ப் பள்ளியுமாக அவருடைய இளமை கழிந்தது.

அவர் பிறந்த அதே 1892-ஆம் ஆண்டில்தான் அமெரிக்கக் கொடிக்கான உறுதிமொழியும் பிறந்தது. கொலம்பஸ் அமெரிக்காவை அடைந்து நானூறு ஆண்டுகள் நிறைவடைந்ததைப் பள்ளிகளில் கொண்டாட வேண்டும் என்று ஓர் இளையோர் இதழ் திட்டமிட்டது. அவ்விதழில் பணியாற்றிய பிரான்சிஸ் பெல்லமி என்பவர் அவ்விழாவிற்காகச் சில சொற்களே கொண்ட ஓர் உறுதிமொழியை எழுதினார். பள்ளிகளுக்குக் கொடிகளை விற்கும் பணியையும் அவ்விதழ் செய்துவந்தது என்பது நினைவில் கொள்ளத்தக்கது. அவ்வாண்டு அக்டோபரில் நாடெங்கும் இலட்சக்கணக்கான குழந்தைகள் அதைச் சொன்னார்கள். 1898-இல் நியூயார்க் மாநிலம் பள்ளிகளில் கொடி வணக்கம் செய்வதற்கெனச் சட்டமே இயற்றியது. பிற மாநிலங்களும் ஒன்றன்பின் ஒன்றாக அவ்வழியில் சென்றன.

பெல்லமி எழுதிய முதல் வடிவத்தில், உறுதிமொழி சொல்பவர் கொடியைத் தம்முடைய கொடி என்று மட்டுமே குறிப்பிட்டார். நாட்டின் பெயர் அதில் இல்லை. பிற நாடுகளிலிருந்து குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள், தாம் விட்டுவந்த நாட்டின் கொடியை உள்ளத்தில் எண்ணிக்கொண்டு அதைச் சொல்லக்கூடும் என்னும் ஐயம் பின்னர்ச் சிலருக்கு எழுந்தது. ஆகவே 1923-இல் அமெரிக்காவின் பெயர் அதில் சேர்க்கப்பட்டது. ஒரு குழந்தையின் உள்ளத்தில் எந்தக் கொடி பறக்கிறது என்பதைச் சொற்களைத் திருத்தி உறுதிசெய்துவிடலாம் என்று பெரியவர்கள் நம்பினார்கள் போலும்.

ஜாக்சன் பிரூஸ்பர்க்கில் 1909-இல் உயர்நிலைப் படிப்பை முடித்தார். அருகிலுள்ள ஜேம்ஸ்டவுன் நகரப் பள்ளியில் மேலும் ஓராண்டு பயின்றார். அதன்பின் கல்லூரிக்குச் செல்லவில்லை. அக்காலத்தில் ஒரு வழக்கறிஞரிடம் பயிற்சியாளராகச் சேர்ந்தே சட்டம் கற்கும் வழக்கம் இன்னும் முற்றிலும் மறைந்துவிடவில்லை. ஜாக்சனும் ஜேம்ஸ்டவுனில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் அவ்வாறே சேர்ந்தார். இடையில் ஆல்பனி நகரச் சட்டப் பள்ளியில் ஓராண்டு மட்டும் படித்தார். 1913-இல், இருபத்தொரு வயதில், வழக்கறிஞராகப் பதிவு பெற்றார்.

ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அவர் ஜேம்ஸ்டவுனில் வழக்காடினார். சிறுநகர வழக்கறிஞரிடம் எல்லா வகை மனிதர்களும் வருவார்கள். எல்லா வகை வழக்குகளும் வரும். சட்டம் அறியாத சாதாரணக் குடிமக்களே நடுவர்களாக அமர்ந்திருக்கும் மன்றத்தில் வாதாடுபவர், சுற்றி வளைத்துப் பேசினால் தோற்றுப்போவார். எளிய சொற்களில் கூர்மையாகப் பேசும் ஆற்றல் அவருக்கு அங்கேதான் வாய்த்திருக்க வேண்டும். அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் மிகச் சிறந்த உரைநடை எழுதியவர்களுள் ஒருவராக அவர் இன்றும் மதிக்கப்படுகிறார்.

தலைநகரில்

நியூயார்க் அரசியலில் ஈடுபட்டிருந்த பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டுடன் ஜாக்சனுக்கு இளம் வயதிலேயே பழக்கம் ஏற்பட்டிருந்தது. ரூஸ்வெல்ட் குடியரசுத் தலைவரானபின், 1934-இல் வருமான வரித்துறையின் தலைமைச் சட்ட அலுவலராக ஜாக்சன் வாஷிங்டனுக்கு அழைக்கப்பட்டார். அதன்பின் அவருடைய உயர்வு விரைவாக நிகழ்ந்தது. 1938-இல் அரசின் சார்பில் உச்ச நீதிமன்றத்தில் வாதாடும் சொலிசிட்டர் ஜெனரல் ஆனார். 1940-இல் நீதித்துறையின் தலைவரான அட்டர்னி ஜெனரல் பதவியை ஏற்றார். 1941-ஆம் ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்ற நீதிபதியாக அமர்ந்தார்.

அவர் அட்டர்னி ஜெனரலாக இருந்த காலத்தில்தான் கொடி வணக்கம் பற்றிய முதல் பெரிய தீர்ப்பு வெளிவந்தது. யெகோவாவின் சாட்சிகள் என்பது கிறித்தவ சமயப் பிரிவுகளுள் ஒன்று. படைக்கப்பட்ட எந்த உருவத்தையும் வணங்கலாகாது என்னும் விவிலியக் கட்டளையை அவர்கள் மிகக் கண்டிப்பாகப் பின்பற்றுபவர்கள். கொடியும் அத்தகைய உருவமே என்பதும், அதற்கு வணக்கம் செய்வது இறைவனுக்கு உரியதைப் பிறிதொன்றுக்கு அளிப்பதாகும் என்பதும் அவர்கள் நம்பிக்கை. செருமனியில் அவர்கள் இட்லர் வணக்கம் செய்ய மறுத்தார்கள். அதற்காகச் சிறைக்கும் வதை முகாம்களுக்கும் அனுப்பப்பட்டார்கள். அமெரிக்காவில் 1935-இல், பென்சில்வேனியாவின் மைனர்ஸ்வில் என்னும் ஊரில், இப்பிரிவைச் சேர்ந்த ஓர் அண்ணனும் தங்கையும் அல்ல, ஓர் அக்காளும் தம்பியும், கொடி வணக்கம் செய்ய மறுத்ததால் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டனர். அக்காளுக்கு வயது பன்னிரண்டு, தம்பிக்குப் பத்து.

அவ்வழக்கில் 1940 ஜூன் 3 அன்று உச்ச நீதிமன்றம் பள்ளிக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. ஒன்பது நீதிபதிகளில் எண்மர் ஒருபுறம் நின்றனர். ஆர்லன் ஸ்டோன் என்னும் நீதிபதி ஒருவரே மாறுபட்டார். பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் பெலிக்ஸ் பிராங்க்பர்ட்டர். வியன்னா நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்து, ஆங்கிலம் அறியாத பன்னிரண்டு வயதுச் சிறுவராக அமெரிக்காவிற்கு வந்தவர் அவர். பல நாட்டவரும் பல மொழியினரும் கலந்து வாழும் நாட்டை ஒன்றாகப் பிணைப்பவை பொதுச் சின்னங்களே என்று அவர் உளமார நம்பினார். பள்ளி தன்னை அமெரிக்கனாக்கியது என்னும் நன்றியுணர்வு அவரிடம் இருந்தது. அந்த நம்பிக்கையை எளிதில் பழித்துவிட இயலாது.

ஆனால் தீர்ப்பின் விளைவு கொடியதாக அமைந்தது. ஐரோப்பாவில் பிரான்சு வீழ்ந்துகொண்டிருந்த நாள்கள் அவை. கொடியை வணங்காதவர்கள் நாட்டுப் பகைவர்கள் என்று உச்ச நீதிமன்றமே கூறிவிட்டதாகப் பலர் எண்ணிக்கொண்டனர். யெகோவாவின் சாட்சிகள் பல ஊர்களில் அடித்து விரட்டப்பட்டனர். மெயின் மாநிலத்தில் அவர்களுடைய வழிபாட்டுக் கூடம் ஒன்று தீக்கிரையாக்கப்பட்டது. குழந்தைகள் பலர் பள்ளிகளிலிருந்து வெளியேற்றப்பட்டனர். புகார்கள் ஜாக்சன் தலைமையிலிருந்த நீதித்துறைக்கு வந்து சேர்ந்தன. கும்பல் வன்முறையைக் கண்டித்துச் சொலிசிட்டர் ஜெனரல் வானொலியில் பேச நேர்ந்தது. ஒரு சட்டத் தீர்ப்பு நூலகத்தை விட்டுத் தெருவுக்கு வரும்போது என்ன வடிவம் எடுக்கிறது என்பதை ஜாக்சன் அருகிலிருந்து கண்டார்.

மேற்கு வர்ஜீனியாச் சிறுமியர்

1941 டிசம்பரில் பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்டு, அமெரிக்காவும் போரில் இறங்கியது. அடுத்த மாதமே, 1942 ஜனவரி 9 அன்று, மேற்கு வர்ஜீனியா மாநிலக் கல்வி வாரியம் ஓர் ஆணை பிறப்பித்தது. அரசுப் பள்ளிகளில் மாணவர், ஆசிரியர் அனைவரும் கொடிக்கு வணக்கம் செய்து உறுதிமொழி கூற வேண்டும் என்பது அவ்வாணை. மறுக்கும் குழந்தை பள்ளியிலிருந்து நீக்கப்படும். நீக்கப்பட்ட குழந்தை சட்டத்திற்குப் புறம்பாகப் பள்ளிக்கு வராமலிருப்பதாகக் கருதப்படும். அதற்காகப் பெற்றோருக்கு 50 டாலர் வரை அபராதமும் 30 நாள் வரை சிறையும் விதிக்கலாம். பள்ளியே வெளியே தள்ளிவிட்டு, ஏன் பள்ளிக்கு வரவில்லை என்று பள்ளியே வழக்குத் தொடுக்கும் விந்தையான ஏற்பாடு இது.

அன்றைய கொடி வணக்கம் கையை நெஞ்சில் வைப்பதன்று; வலக்கையை விறைப்பாகக் கொடியை நோக்கி நீட்டுவதாகும். அது நாஜி வணக்கத்தைப் போன்றே தோன்றியது. சாரணர் இயக்கமும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் செஞ்சிலுவைச் சங்கமும் கூட இதைச் சுட்டிக்காட்டின. 1942 டிசம்பரில் அமெரிக்க நாடாளுமன்றம் அம்முறையை மாற்றி, கையை நெஞ்சின்மேல் வைக்கும் வழக்கத்தைக் கொணர்ந்தது.

மாநிலத் தலைநகரான சார்ல்ஸ்டனுக்கு அருகே வாழ்ந்த பார்னெட் குடும்பத்தின் இரு சிறுமியர் தொடக்கப் பள்ளியில் படித்துவந்தனர். குடும்பத்தினர் யெகோவாவின் சாட்சிகள். சிறுமியர் நாள்தோறும் பள்ளிக்குச் சென்றனர்; கொடி வணக்கம் செய்ய மறுத்தனர்; வீட்டிற்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். மறுநாளும் சென்றனர். அவர்கள் கொடியை இழிவுபடுத்தவில்லை. கொடியை மதிப்பதாகவும், இறைவனின் கட்டளைக்கு முரண்படாத எல்லாச் சட்டங்களுக்கும் கீழ்ப்படிவதாகவும் வேறு சொற்களில் உறுதிகூற அச்சமயத்தவர் ஆயத்தமாக இருந்தனர். கல்வி வாரியம் அதை ஏற்கவில்லை.

பார்னெட் குடும்பமும் வேறு சில குடும்பங்களும் நீதிமன்றத்தை நாடின. மூன்று நீதிபதிகள் அடங்கிய கூட்டாட்சி மன்றம் விசாரித்தது. அதன் தலைவரான ஜான் பார்க்கர், உச்ச நீதிமன்றத்தின் 1940-ஆம் ஆண்டுத் தீர்ப்பைத் தாம் பின்பற்ற இயலாது என்று முடிவெடுத்தார். கீழ்மன்ற நீதிபதி ஒருவர் உச்ச நீதிமன்றத்தின் அண்மைத் தீர்ப்பை ஒதுக்கிவைப்பது மிக அரிய செயல். ஆயினும் காற்று மாறிவருவதை அவர் அறிந்திருந்தார். முந்தைய தீர்ப்பில் பெரும்பான்மையினருடன் சேர்ந்திருந்த பிளாக், டக்ளஸ், மர்பி ஆகிய மூவரும் தாம் தவறிழைத்துவிட்டதாக 1942 ஜூனில் வேறொரு வழக்கில் வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டிருந்தனர். தனித்து நின்ற ஸ்டோன் இப்போது தலைமை நீதிபதி. ஜாக்சனும் ரட்லெட்ஜ் என்பவரும் புதிதாக வந்தவர்கள்.

கல்வி வாரியத்தின் மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் 1943 மார்ச்சில் விசாரித்தது. தீர்ப்பு வெளிவந்த நாள் ஜூன் 14. அமெரிக்காவில் அது கொடி நாள். அறுவர் சிறுமியரின் பக்கம் நின்றனர், மூவர் மாறுபட்டனர். அறுவரின் சார்பில் தீர்ப்பை எழுதியவர் ஜாக்சன். நீதிமன்ற ஆவணங்களில் பார்னெட் என்னும் பெயரின் இறுதியில் ஓர் எழுத்து தவறுதலாகக் கூடிவிட்டது. அப்பிழையுடனேயே அவ்வழக்கு இன்றளவும் சட்ட நூல்களில் வழங்குகிறது.

தீர்ப்பின் பொருள்

இது சமயச் சிறுபான்மையினருக்கு ஒரு விலக்கு அளிக்கும் வழக்கு என்றே பலரும் எண்ணினர். ஜாக்சன் அவ்வாறு பார்க்கவில்லை. யெகோவாவின் சாட்சிகளை மட்டும் விட்டுவிடலாமா என்று கேட்பதற்கு முன், எந்தக் குடிமகனையாவது இவ்வாறு கட்டாயப்படுத்தும் அதிகாரம் அரசுக்கு உண்டா என்று அவர் கேட்டார். கேள்வி அங்கே திரும்பியதும் வழக்கின் உருவமே மாறிவிட்டது.

கொடி வணக்கமும் ஒருவகைப் பேச்சே என்பது அவருடைய முதற்படி. கையசைவாலும் ஒருவர் தம் உள்ளக் கருத்தைத் தெரிவிக்கிறார். பேச்சைத் தடுக்க வேண்டுமானால், அதனால் உடனடித் தீங்கு விளையும் என்று அரசு காட்ட வேண்டும். வாய்மூடி நிற்கும் இரு சிறுமியரால் என்ன தீங்கு விளையும்? அவர்கள் பிறர் எவரையும் தடுக்கவில்லை, வகுப்பைக் குலைக்கவில்லை. பேசக்கூடாது என்று தடுப்பதற்கே அத்தனைக் காரணம் தேவையென்றால், நம்பாத ஒன்றை நம்புவதாகச் சொல்லச் செய்வதற்கு அதைவிடப் பெரிய காரணம் வேண்டாமா?

அடுத்து அவர் எழுப்பிய ஐயம் இன்னும் கூர்மையானது. கல்வி வாரியம் உண்மையில் எதைக் கேட்கிறது என்பது ஆணையிலிருந்து விளங்கவில்லை. குழந்தைகள் தம் நம்பிக்கையைக் கைவிட வேண்டுமா? அல்லது நம்பாமலேயே உதட்டளவில் சொன்னால் போதுமா? முன்னது என்றால் அரசு உள்ளத்திற்குள் நுழைகிறது. பின்னது என்றால் அரசே குழந்தைகளுக்குப் பொய் சொல்லக் கற்றுக்கொடுக்கிறது.

சின்னங்களின் ஆற்றலை ஜாக்சன் குறைத்து மதிப்பிடவில்லை. நீண்ட விளக்கங்கள் செய்ய முடியாததை ஒரு துண்டுத் துணி ஒரு நொடியில் செய்துவிடும் என்பதை அவர் அறிவார். ஆனால் அத்துணியில் ஒவ்வொருவரும் காணும் பொருள் அவரவர் உள்ளே கொண்டுவருவதுதான். ஒருவருக்கு ஊக்கம் தருவது மற்றொருவருக்கு வெற்றுச் சடங்காகத் தோன்றலாம். நாட்டின் வரலாற்றையும் அரசமைப்பையும் பள்ளியில் கற்பிக்கலாம். அவற்றைக் கற்ற மாணவரிடம் பற்று வளரலாம். அது நெடுவழி. கட்டாய வணக்கம் அவ்வழியைத் தவிர்க்கும் குறுக்குவழி. தானாக முன்வந்து செய்யும் வணக்கங்களால் நாட்டுப்பற்று வளராது என்று அஞ்சுபவர்கள், சுதந்திர மக்களின் உள்ளத்தைக் கவரும் ஆற்றல் தம் அரசமைப்புக்கு இல்லை என்று தாமே கருதுகிறார்கள் என்பது அவர் வாதத்தின் சாரம்.

போர்க்காலத்தில் ஒற்றுமை வேண்டும் என்பதை அவர் மறுக்கவில்லை. ஆனால் வற்புறுத்தி ஒற்றுமை உண்டாக்க முயன்றவர்களின் கதையை அவர் வரலாற்றிலிருந்து எடுத்துக்காட்டினார். பழைய உரோமப் பேரரசு கிறித்தவத்தை ஒழிக்க முயன்றது, சமய விசாரணை மன்றங்கள், உருசியர்கள் சைபீரியாவுக்கு நாடு கடத்தியது ஆகிய அனைத்தும் தோல்வியிலேயே முடிந்தன. மென்மையாகத் தொடங்கும் வற்புறுத்தல், பயன் தராதபோது மேலும் கடுமையாகும். இறுதியில் மாறுபட்டுப் பேசுபவரே இல்லாத இடுகாட்டு அமைதிதான் மிஞ்சும். அப்போது செருமனியில் நிகழ்ந்துகொண்டிருந்ததைப் படிப்பவர் எவருக்கும் இதை விளக்க வேண்டியிருக்கவில்லை.

பெரும்பான்மை மக்கள் விரும்பினால் சட்டத்தை மாற்றிக்கொள்ளட்டும், நீதிமன்றம் ஏன் தலையிட வேண்டும் என்னும் வாதத்திற்கும் அவர் விடை கூறினார். பேச்சுரிமை, வழிபாட்டுரிமை போன்றவை தேர்தலில் வென்றும் தோற்றும் பெற வேண்டியவை அல்ல. வாக்கெடுப்பின் கைக்கு எட்டாதபடி அவற்றை உயரத்தில் வைப்பதற்காகவே அரசமைப்பில் எழுதினார்கள் என்றார். ஊர்ப் பள்ளி வாரியம் சிறிய அமைப்பு என்பதால் அதற்கு விலக்கு இல்லை. சிற்றூரின் சிறிய அதிகாரம்தான் பலவேளைகளில் எவர் கண்ணிலும் படாமல் அடக்குமுறையாக மாறுகிறது. சிற்றூரில் வளர்ந்து, சிற்றூர் மக்களுக்காக வாதாடிய ஒருவருக்கு அது கேள்விப்பட்ட செய்தியாக இருந்திருக்காது.

மாறுபட்ட மூவருள் பிராங்க்பர்ட்டரின் எழுத்து மிகுந்த உணர்ச்சியுடையது. வரலாற்றில் மிகவும் துன்புறுத்தப்பட்ட சிறுபான்மையினத்தைச் சேர்ந்த தமக்கு உரிமைகளின் அருமை தெரியாதா என்று அவர் வருந்தினார். ஒரு சட்டம் அறிவற்றதாகத் தோன்றுவதாலேயே அதை நீதிபதிகள் நீக்கிவிடலாகாது. மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களே அதைத் திருத்த வேண்டும் என்பது அவர் நிலை. நீதிமன்றத்தின் எல்லை எது என்பது பற்றிய இவ்விவாதம் இன்னும் முடிந்துவிடவில்லை. ஆனால் சிறுமியர் பள்ளிக்குத் திரும்பினர். போர் நடந்துகொண்டிருக்கும்போதே அது நிகழ்ந்தது.

குறையும் நிறையும்

ஜாக்சன் எப்போதும் ஒரே வழியில் நடந்தார் என்று சொல்வது உண்மையாகாது. கொடி வழக்கின் தீர்ப்பு வெளிவந்த ஒரு வாரத்திற்குள், 1943 ஜூன் 21 அன்று, சப்பானிய வமிசாவளியினர் மீது விதிக்கப்பட்ட ஊரடங்கு செல்லும் என்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. ஜாக்சனும் அதில் ஒருவர். இரு சிறுமியருக்காக எழுந்த குரல், ஒரு முழு இனத்தாருக்காக அன்று எழவில்லை. அடுத்த ஆண்டில் அம்மக்களைத் தம் வீடுகளிலிருந்து வெளியேற்றியது செல்லுமா என்னும் வழக்கில் அவர் தம் மனத்தை மாற்றிக்கொண்டார். பெரும்பான்மை மீண்டும் அரசுக்குச் சார்பாக நிற்க, ஜாக்சன் மாறுபட்டு எழுதினார். ஒரு நெருக்கடியில் நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட தவறு, பின்வரும் அதிகாரிகள் எடுத்துப் பயன்படுத்தக் காத்திருக்கும் ஆயுதமாகிவிடும் என்று அவர் எச்சரித்தார்.

1945 மே மாதத்தில் குடியரசுத் தலைவர் ட்ரூமன் அவருக்கு வேறொரு பணியை அளித்தார். நாஜித் தலைவர்களை விசாரிக்க நூரம்பர்க் நகரில் அமையவிருந்த பன்னாட்டு நீதிமன்றத்தில் அமெரிக்காவின் தலைமை வழக்குரைஞர் பணி அது. உச்ச நீதிமன்றப் பதவியிலிருந்து விலகாமலேயே அவர் ஐரோப்பா சென்றார். 1945 நவம்பர் 21 அன்று அவர் ஆற்றிய தொடக்க உரை உலகச் சட்ட வரலாற்றில் இடம்பெற்றது. கொடி வழக்கில் கீழ்மன்றத் தீர்ப்பை வழங்கிய அதே ஜான் பார்க்கர், நூரம்பர்க்கில் அமெரிக்காவின் மாற்று நீதிபதியாக அமர்ந்திருந்தார்.

குற்றவாளிக் கூண்டில் இருபத்தொருவர் இருந்தனர். அவர்களுள் படைத்தலைவர்களும் இருந்தனர். 1934 ஆகஸ்டு முதல் செருமானியப் படைவீரர் ஒவ்வொருவரும் நாட்டுக்கோ அரசமைப்புக்கோ அன்றி, இட்லர் என்னும் தனி மனிதருக்குக் கீழ்ப்படிவதாக உறுதிமொழி எடுத்திருந்தனர். மேலிடத்து ஆணைக்குக் கீழ்ப்படிந்தோம் என்பதே பலருடைய எதிர்வாதம். அந்த வாதம் ஒருவரைக் குற்றத்திலிருந்து விடுவிக்காது என்று நீதிமன்றத்தின் சாசனம் முன்னரே வகுத்திருந்தது. அச்சாசனத்தை உருவாக்கிய பேச்சுகளில் ஜாக்சனுக்குப் பெரும் பங்கு உண்டு. எனினும் எல்லாம் வெற்றியாக அமையவில்லை. கோரிங்கைக் குறுக்கு விசாரணை செய்தபோது ஜாக்சன் பொறுமையிழந்து தடுமாறினார் என்பது அன்றே பலரும் கூறிய குறை. 1946 அக்டோபர் 1 அன்று தீர்ப்பு முடிந்தது.

நாடு திரும்பியபோது அமெரிக்கா வேறோர் அச்சத்தில் ஆழ்ந்திருந்தது. பொதுவுடைமையர் மீதான ஐயத்தால் உறுதிமொழிகள் மீண்டும் பெருகின. தொழிற்சங்கத் தலைவர்கள் தாம் பொதுவுடைமைக் கட்சியினர் அல்லர் என்று ஆணையிட்டுக் கூற வேண்டும் என்னும் சட்டம் 1950-இல் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. ஜாக்சன் அதை இரண்டாகப் பிரித்தார். கட்சியில் உறுப்பினரா என்று கேட்கலாம். அது செயல் பற்றியது. உள்ளத்தில் என்ன நம்புகிறாய் என்று கேட்டு ஆணையிடச் செய்யலாகாது. பொதுவுடைமையரிடம் அவருக்குச் சிறிதும் பரிவு இல்லை. அவர்களுக்கு எதிரான தண்டனையை 1951-இல் அவர் ஏற்கவும் செய்தார். அந்நிலையிலும் எண்ணத்தின் வாயிலில் அரசை நிறுத்தும் கோட்டை மட்டும் அவர் அழிக்கவில்லை.

1954 மார்ச்சில் அவருக்கு மாரடைப்பு ஏற்பட்டது. பள்ளிகளில் வெள்ளையர், கறுப்பர் என்று குழந்தைகளைப் பிரித்துவைப்பது செல்லாது என்னும் தீர்ப்பு மே 17 அன்று வாசிக்கப்பட்டபோது, ஒன்பது நீதிபதிகளும் ஒன்றாக நிற்பதை நாடு காண வேண்டும் என்று மருத்துவமனையிலிருந்து எழுந்து வந்து தம் இருக்கையில் அமர்ந்தார். அதே ஆண்டு ஜூன் 14 அன்று, கொடி வழக்கின் தீர்ப்பு வெளிவந்து சரியாகப் பதினொரு ஆண்டுகள் முடிந்த நாளில், உறுதிமொழியில் இறைவனின் பெயரைச் சேர்க்கும் சட்டம் கையெழுத்தானது. அதைச் சொல்லாதிருக்கும் உரிமை ஜாக்சனின் தீர்ப்பால் முன்னரே நிலைபெற்றிருந்தது. அக்டோபர் 9 அன்று, அறுபத்திரண்டாம் வயதில், அவர் இறந்தார். இளமையில் வாழ்ந்த பிரூஸ்பர்க்கிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

இந்தியாவில்

முப்பது ஆண்டுகளுக்குப்பின் அதே கேள்வி இந்தியாவில் எழுந்தது. 1985-இல் கேரளப் பள்ளி ஒன்றில் மூன்று குழந்தைகள் நாட்டுப்பண் பாடப்படும்போது மரியாதையுடன் எழுந்து நின்றனர்; ஆனால் பாடவில்லை. அவர்களும் யெகோவாவின் சாட்சிகள் பிரிவினரே. பல ஆண்டுகளாக அவ்வாறே நின்றுவந்தனர். எவரும் குறை கூறியதில்லை. செய்தி சட்டமன்றத்தில் எழுப்பப்பட்டது. விசாரித்தவர்கள், குழந்தைகள் ஒழுக்கமானவர்கள் என்றும் நாட்டுப்பண்ணை அவமதிக்கவில்லை என்றும் அறிக்கை அளித்தனர். ஆயினும் ஜூலையில் மூவரும் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டனர். கேரள உயர் நீதிமன்றமும் அவர்களுக்கு உதவவில்லை.

வழக்கு தில்லிக்கு வந்தது. 1986 ஆகஸ்டு 11 அன்று நீதியரசர் சின்னப்ப ரெட்டி உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பை எழுதினார். ஜாக்சன் 1943-இல் எழுதிய தீர்ப்பையும், அதற்கு முந்தைய 1940-ஆம் ஆண்டுத் தீர்ப்பையும் அவர் எடுத்து ஆராய்ந்தார். நாட்டுப்பண்ணை ஒவ்வொருவரும் பாடியே தீர வேண்டும் என்று இந்தியாவில் எந்தச் சட்டமும் இல்லை. எழுந்து நிற்பதே உரிய மரியாதை. உண்மையான மனச்சான்றின்படி நடக்கும் குழந்தைகளை நீக்கியது, அரசமைப்பு அளித்துள்ள பேச்சுரிமைக்கும் சமய உரிமைக்கும் முரணானது என்று அவர் முடிவு கூறினார். மூன்று குழந்தைகளையும் மீண்டும் பள்ளியில் சேர்த்துக்கொள்ளுமாறும், அவர்கள் தடையின்றிப் படிக்க விடுமாறும் ஆணையிட்டார்.